பெஞ்சில் இடம் கிடைக்காதவர்களையும் எழுதுங்கள்: யூதக் குடும்ப வரலாறு – கேள்வி பதில்

கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போன ஒரு யூதக் குடும்பத்தின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி அச்சுக்குக் கொண்டுவர எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதைப் போன்ற நூல் எழுத விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோவை வாசகி: அம்மா, என் மாமியார் எர்ணாகுளத்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வயது 84. பெட்டி நிறையக் காகிதங்கள் வைத்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பெட்டியை மூடி வைத்துவிட்டு மாமியாரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். காகிதம் காத்திருக்கும், 84 வயது காத்திருக்காது. நான் இதில் தவறு செய்தவள். இரண்டு ஆண்டுகள் ஆவணங்களோடு இருந்துவிட்டு, நெகேவ் பாலைவனத்திலுள்ள நெவாதிம் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, என் நூலின் நாயகியுடைய அக்கா பக்கவாதத்தில் பேச்சை இழந்திருந்தார். அந்த வீட்டில் அதிகம் பாட்டுத் தெரிந்தவர் அவர்தான் என்றார்கள். ஒரு பாட்டுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். யாருக்கும் அப்படிச் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பில் என்னென்ன ஆகியிருக்க வேண்டும், சப்பத் என்ற ஓய்வுநாள் விளக்கை யார் ஏற்றுவார்கள், பஸ்கா பண்டிகை வந்தால் எந்தப் பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கும் என்று கேளுங்கள். 1953 முதல் 1955 வரை கூட்டம் கூட்டமாகக் குடும்பங்கள் கிளம்பின. அப்போது யார் போனார்கள், யார் தங்கினார்கள், ஏன் தங்கினார்கள் என்பதைத் தனியாக ஒரு நாள் கேளுங்கள். அழுகை வரும். அவசரப்படாதீர்கள்.

கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடுவார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தாய் மகளுக்குக் கொடுப்பாள். பெட்டியில் அப்படி ஒரு நோட்டு இருந்தால் பின்பக்கத்துக் கணக்கு வழக்கு உட்பட எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவிடுங்கள்.

சேலம் வாசகர்: ஐயம் ஒன்று. திருமணப் பத்திரத்தில் 5715 என்று போட்டிருக்கிறது. இது என்ன ஆண்டு?

எபிரேய ஆண்டு, உலகப் படைப்பிலிருந்து எண்ணுவது. புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறக்கும். அதனால் புத்தாண்டிலிருந்து டிசம்பர் முடியும்வரை 3761ஐயும், ஜனவரி முதல் 3760ஐயும் கழிக்க வேண்டும். உங்கள் 5715 என்பது 1954 இலையுதிர்காலத்திலிருந்து 1955 இலையுதிர்காலம் வரை. மாதத்தைப் பார்க்காமல் ஆண்டை மட்டும் மாற்றி எழுதினால் ஓராண்டு பிசகும்.

கல்லறைகளில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். க, உ, ங என்று எழுத்தே எண்ணாகும் வழக்கம் நமக்கும் உண்டு என்பதால் இது புரியும். ஆனால் ஐயாயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு நாள் தொடங்குவதும் சூரியன் மறைந்த பிறகுதான். இரவில் இறந்தவரின் தேதி ஆங்கிலத் தேதியோடு ஒத்துவரவில்லை என்றால் கல்லைத் தப்பென்று சொல்லிவிடாதீர்கள்.

திருச்சி வாசகி: ஒரே குடும்பத்தில் ஐந்து எலியாகுகள். யார் யாரென்றே தெரியவில்லை.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். கொச்சியிலும் அப்படியே, தாத்தா உயிரோடு இருக்கும்போதே பெயர் வைத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொருவரையும் தந்தை பெயரோடும் வீட்டுப் பெயரோடும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் வழக்கம் நேர்மாறு. இறந்தவரின் பெயரைத்தான் வைப்பார்கள். அங்கே பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வந்துவிட்டால், அவன் பிறப்பதற்கு முன்பே தாத்தா இறந்துவிட்டார் என்று ஊகிக்கலாம்.

சென்னை மாணவர்: கி.பி. 72இல் யூதர்கள் கொடுங்கல்லூருக்கு வந்தார்கள் என்று முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாமா? சென்னையில் இருந்தபடியே பார்க்கக்கூடிய ஆவணங்கள் உண்டா?

'வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்' என்று தொடங்கலாம். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட கி.பி. 70ஐ ஒட்டி எழுந்த மரபு அது. மரபை மரபென்று சொன்னால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆண்டாக எழுதினால்தான் பொய்யாகிறது.

கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று, கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேடு. வட்டெழுத்தில் உள்ளது. அதன் வாசகத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துப் படித்த நாளை நான் மறக்கவில்லை. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று வரிசையாக உரிமைகள். பாவாடை என்பது அங்கே நடந்து வருகிறவர் காலடியில் விரிக்கும் துணி. யூதத் தலைவன் ஒருவனுக்குத் தந்த பெருமையை நம்மால் அகராதி இல்லாமலே பாதிக்கு மேல் படிக்க முடிகிறது. தயவுசெய்து ஒருமுறை படியுங்கள்.

கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்த காலத்து ஆவணங்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகராக இருந்த எசேக்கியேல் ரஹாபியின் காலத்தை எழுதுவதானால் நீங்கள் ரயில் ஏறவே வேண்டாம். டச்சு படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

பெங்களூரு வாசகர்: எங்கள் பாட்டியார் மட்டாஞ்சேரி பரதேசிப் பள்ளியைச் சேர்ந்தவர். உங்கள் நூலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்தச் சமூகமே ஏறக்குறைய இல்லாமல் போன பிறகு பழைய புண்ணைக் கிளறுவது நியாயமா?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஜூ டவுனுக்கு வருகிற ஒவ்வொரு பயணியும் 'வெள்ளை யூதரா, கறுப்பு யூதரா' என்று கேட்டதை உங்கள் பாட்டியார் எத்தனை முறை பொறுத்திருப்பார்! அந்தச் சொற்களை நான் என் சொற்களாக எங்கும் எழுதவில்லை. பரதேசி (பிற நாடுகளிலிருந்து பின்னர் வந்தவர்கள்), மலபாரி (அதற்கு முன்பே அங்கிருந்தவர்கள்) என்றே எழுதினேன். (ஜெபாலயத்தை அங்கே பள்ளி என்பார்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.)

ஆனால் நடந்ததை எப்படி விடுவது? விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 1568இல் கட்டிய அந்தப் பள்ளியில் பெஞ்சில் இடமில்லை. யூத வேதமான தோராவை வாசிக்க அழைப்பில்லை. இறந்தால் அதே மண்ணில் இடமில்லை. அந்தப் பிரிவில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்துத் திரும்பியவர் ஏ.பி. சேலம். காந்தியின் வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்தார். 1930களில் பின்வரிசைப் பெஞ்சுகள் கிடைத்தன. இன்று ஜூ டவுனில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. சாலைக்குப் பெயர் வைத்த பிறகு நூலில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அதே வாசகர்: இது அந்தக் காலத்து வழக்கம். இன்றைய அளவுகோலால் அளக்கிறீர்கள்.

இல்லை ஐயா, அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளக்கிறேன். 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்த வழக்கு எகிப்துக்குப் போனது. அங்கிருந்த யூத மதகுரு ரபி டேவிட் இப்னு சிம்ரா, முறைப்படி முழுக்குச் சடங்கு செய்துகொண்டால் அவர்களும் யூதர்களே, அவர்களோடு திருமண உறவு கொள்ளலாம் என்று பதில் எழுதினார். கேள்வியும் பதிலும் எழுத்தில் இருக்கின்றன. தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

மதுரை வாசகர்: மலபாரிகள் மட்டும் யோக்கியமா? அவர்களிடமும் இதே பிரிவினை இருந்ததே!

இருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன். நான் எழுதிய குடும்பமே மலபாரிக் குடும்பம்தான். தங்களை மட்டம் தட்டியவர்களைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியவர்கள், தங்கள் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தப்பட்டவரைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார்கள். அந்த ஒரு வரியை நான் விடவில்லை.

பெங்களூரு வாசகர்: வெளியாளான உங்களுக்கு அந்த உரிமையை யார் தந்தது?

அந்தக் குடும்பம் தந்தது. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வோர் அத்தியாயத்தையும் மலையாளத்தில் சொல்லிக் காட்டினேன். இரண்டை எடுக்கச் சொன்னார்கள். ஒன்று, அத்தை ஒருவருக்கு இருந்த யானைக்கால் நோய். அந்த நோய்க்குப் பயந்து இஸ்ரேல் அரசு கொச்சி யூதர்களின் வருகையைத் தாமதப்படுத்தியது வரலாறு. அதை வைத்துக்கொண்டேன். அத்தையின் கால் அவருடைய சொந்த விஷயம். எடுத்துவிட்டேன். மற்றொன்று அந்தத் திண்ணை. இரண்டு மாதம் பேசினோம். கடைசியில் அந்த வீட்டு மூத்த மருமகள்தான், 'இருக்கட்டும், நடந்ததுதானே' என்றார். ஐயா, உங்கள் பாட்டியார் சொன்னதை நீங்களும் எழுதுங்கள். என் நூலில் இல்லாத பக்கம் அது. நானே மெய்ப்புத் திருத்தித் தருகிறேன்.

கனடா வாசகர்: நண்பரின் தாத்தா போலந்திலிருந்து தப்பியவர். எங்கே தேடுவது?

என் துறைக்கு வெளியே. ஜெர்மனியிலுள்ள அரோல்சன் ஆவணக் காப்பகம், எருசலேமிலுள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம், இரண்டிலும் இணையத்தில் பெயர் போட்டுத் தேடலாம். தாத்தா இருக்கிறாரா? இருந்தால் முதலில் அவர் குரலைப் பதிவுசெய்யுங்கள்.

ஈரோடு வாசகர்: மரபணுச் சோதனை செய்தால் நூலுக்கு வலு சேருமா?

சேராது. பாட்டி என்ன பாடினாள் என்று அது சொல்லாது.

நெல்லை வாசகி: பாட்டியும் தாத்தாவும் 1954இல் கப்பலில் என்ன பேசியிருப்பார்கள் என்று உரையாடலாக எழுதலாமா?

நாவலென்று அட்டையில் போட்டால் எழுதலாம். வாழ்க்கை வரலாறென்று போட்டால் கூடாது.

திண்டுக்கல் வாசகர்: எங்கிருந்து தொடங்குவது?

முதல் பதிலைப் படியுங்கள்.

புதுச்சேரி வாசகர்: கையெழுத்துப் படி தயார். பதிப்பகம் ஒன்று ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்கிறது. பழைய கடிதங்களை அப்படியே அச்சிடலாமா?

எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. கடிதத்தைப் பொறுத்தவரை காகிதம் உங்களுடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது. அவருக்குப் பின் வாரிசுகளுடையது. எழுதியவர் உயிரோடு இருந்தபோது அச்சாகாத கடிதமானால், இந்தியாவில் முதன்முதலில் அச்சான பிறகும் 60 ஆண்டுகள்வரை அந்த உரிமை நிற்கும். இஸ்ரேலில் ஹைஃபாவில் இருக்கும் பேரனானாலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நூல் வந்ததும் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் பிரதி போக வேண்டும். பதிப்பாளர் அனுப்பினாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். வீட்டிலுள்ள பிரதிகள் கரையானுக்குப் போன பிறகும் அங்கே ஒன்று இருக்கும்.

விழுப்புரம், தஞ்சை, மறுபடியும் சேலம்: எந்தப் பதிப்பகம் நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். இத்தோடு நான்காவது முறை. உங்களிடம் பணம் கேட்காத பதிப்பகத்தைத் தேடுங்கள்.

கோவை வாசகி: அம்மா, நேற்று மாலை கேட்டேன். பஸ்கா அப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று ஏதோ பாட ஆரம்பித்தார். நான்கு வரிதான். பிறகு மறந்துவிட்டது என்று அழுதார். எனக்கு மலையாளம் தெரியாது. பதிவு இருக்கிறது.

நிறுத்தாமல் விட்டீர்களே, நன்றி சகோதரி. அந்தப் பதிவை இன்றைக்கே மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளை அதே நேரத்தில் அவர் பக்கத்திலேயே அமர்ந்து அந்த நான்கு வரியை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். ஐந்தாவது வரி வரக்கூடும்.