மேனுவல் கியர் காருக்கு எந்தக் கியர் ஒயில் ஊற்றுவது? மலை ரோட்டுக்குத் தடிப்பானதுதான் நல்லதா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான். பழைய மேனுவல் கார், கியர் ஒயில் மாற்ற வேண்டும், கடையில் ஜிஎல்-4 என்றும் ஜிஎல்-5 என்றும் இரண்டு வகைக் கியர் ஒயில் வைத்திருக்கிறார்கள், 5 தானே புதுசு, அதையே வாங்கிவிடவா? அதோடு மலை ரோட்டில் ஓடுகிற வண்டிக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னாராம்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இல்லாவிட்டால் இந்த நேரத்தில் உட்கார்ந்து இவ்வளவு நீளத்துக்கு எழுதமாட்டேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பொறுமை உள்ளவர்கள் வாசிக்கட்டும். ஜிஎல்-4 பாஸாகி ஜிஎல்-5க்குப் போவதில்லை, இது பள்ளிக்கூட வகுப்பு அல்ல. ஜிஎல்-5 ஹைப்பொயிட் பல்சக்கரத்துக்கான ஒயில். பின் சக்கரம் தள்ளுகிற வண்டிகளில் பின்னால் உருண்டையாகத் தொங்குமே டிஃபரன்ஷல், எஞ்சினின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, அதற்குள் இருப்பது அந்தச் சக்கரம்தான். அதில் ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் உருளுவதோடு நில்லாமல் சறுக்கிக்கொண்டும் போகும். அந்தச் சறுக்கலில் இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துவிடாமல் இருக்கக் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த மருந்தை, ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போடுகிறார்கள். கியர்பொக்ஸுக்குள் இருக்கிற சிங்க்ரோ வளையமோ பெரும்பாலும் பித்தளை. கியர் விழுவதற்கு முன் எதிரில் இருக்கிற கூம்பை உரசிப் பிடித்து இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. பிடித்தால்தான் வேலை நடக்கும். அளவுக்கு மீறி வழுக்குகிற ஒயிலில் அது எதைப் பிடிக்கும்? போதாக்குறைக்குச் சூடு ஏறினால் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யும்.

ஆகவே கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4 ஊற்றுங்கள், அவ்வளவுதான். உங்களிடம் கையேடு இருக்காது என்று எனக்குத் தெரியும். நாலாவது கையோ ஐந்தாவது கையோ வாங்கியிருப்பீர்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டு 2025இல் காருக்கு மறுபடி வழி விடும்வரை, நம்மைப் போன்றவர்கள் பழைய தகரத்தைத்தானே புது விலை கொடுத்து வாங்கினோம். கையேடு இல்லாவிட்டால் இணையத்தில் மொடலையும் வருடத்தையும் போட்டுத் தேடுங்கள், பெரும்பாலான வண்டிகளுக்குக் கிடைக்கும். கடைக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

என்னிடம் இருப்பது மாருதி 800. தலவாக்கலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வீடு, வேலை ஹட்டனில். வாங்கிய மூன்றாம் மாதம் கியர் ஒயில் மாற்றலாம் என்று டவுனில் ஒரு கடைக்குப் போனேன். எங்கே ஓடுகிறது என்று கேட்டார், சொன்னேன். உடனே மேல் தட்டிலிருந்து மூன்று போத்தலை இறக்கி வைத்தார். தடிப்பு 85டபிள்யூ-140, வகை ஜிஎல்-5. "தோட்ட ரோட்டுல ஓடுற வண்டிக்கு இதுதான் சரி தம்பி. மெல்லிசெல்லாம் கொழும்புக் காருக்கு." எனக்கு என்ன தெரியும்? இரண்டு போத்தலே போதும், மூன்றாவது போத்தல் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அங்கேயே பக்கத்துக் கராஜில் ஊற்றிவிட்டார்கள்.

அது ஓகஸ்ட் மாதம். மழையும் காற்றும் இருந்தாலும் பெரிய குளிர் இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஜனவரி பிறந்தது. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிகிற மாதம், நாங்கள் அவ்வளவு உயரத்தில் இல்லையென்றாலும் விடிகாலையில் பல்லுக்குப் பல் அடிக்கும். ஐந்தரைக்கு வண்டியைக் கிளப்பி ஒன்றைப் போட்டு இரண்டுக்கு இழுத்தால் லிவர் நடுவிலேயே நிற்கிறது. கருப்பட்டிப் பாகுக்குள் கரண்டியை விட்டது போல. அழுத்தினால் கறக் என்று ஒரு சத்தம், லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) நாய்களெல்லாம் எழும்பிவிடும். கொட்டகலையைத் தாண்டி வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஓரளவுக்கு விழும். இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டிய இடத்தில் விழாமல் நியூட்ரலில் உருண்டு போன நாள் ஒன்று உண்டு. "குறைந்த கியரில் செலுத்தவும்" என்று போர்டு வைத்திருக்கிற அதே வளைவில். பிரேக்கை மிதித்தபடி கீழே வந்து சேர்ந்தேன், வீட்டில் சொல்லவில்லை.

கராஜ்காரர் கிளச் என்றார். கிளச் கேபிளை இறுக்கினார். சரிவரவில்லை. கிளச் பிளேட்டையே மாற்றினார், கூலியோடு 38 ஆயிரம் ரூபாய் போனது. அதுவும் சரிவரவில்லை.

பொங்கலுக்கு வந்த சித்தப்பாதான் பிடித்தார். முப்பது வருடம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். கீழே படுத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டு விரலில் எடுத்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னடா இது, லொறி டிஃபரன்ஷல் வாடை அடிக்குது?" என்றார். அழுகிய முட்டை மாதிரி ஒரு நெடி. பிறகு விரல்களைத் தேய்த்து வெயிலில் காட்டினார். கறுத்த ஒயிலுக்குள் பொடிப் பொடியாகப் பொன் நிறத்தில் மினுங்கியது, தாலிக்கொடி செய்கிற ஆசாரியின் பட்டறையில் தரையைக் கூட்டினால் இருக்குமே, அப்படி. "உன் கியரைத்தான் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் சித்தப்பா.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே வந்து சண்டை பிடிப்பீர்கள். நான் இன்ஜினியர் அல்ல, கணக்கு வாத்தியார். பித்தளையை அந்த ஒயில்தான் தின்றதா, விழாத கியரை நான் வலிந்து போட்டுப் போட்டுத் தேய்த்தேனா, எனக்கு முன் வைத்திருந்தவர் செய்த புண்ணியமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். தடிப்பு ஒரு குற்றம், ஜிஎல்-5 இன்னொரு குற்றம், இரண்டும் ஒரே போத்தலில் இருந்தன. குளிரில் கியர் விழாததற்குத் தடிப்புத்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பின்னால் வருகிற 140 சூடான பிறகு உள்ள தடிப்புக்கான எண், கார்க் கியருக்கு வழக்கமாக ஊற்றுகிற 90ஐ விட அது சாதாரணத் தடிப்பு அல்ல. அதே சமயம் 90 என்ற எண்ணைப் பார்த்தும் பயப்படாதீர்கள், கியர் ஒயிலின் எண் வேறு கணக்கு, எஞ்சின் ஒயிலின் எண் வேறு கணக்கு. 75டபிள்யூ-90 கியர் ஒயில், சூடான பிறகு, ஏறக்குறைய 40 நம்பர் எஞ்சின் ஒயிலின் பதத்தில்தான் ஓடும். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிருக்கான எண், நமக்கு விடிகாலையில் வேண்டியது அதுதான். 85ஐ விட 75 குளிரில் சீக்கிரம் இளகும்.

சரி, 75டபிள்யூ-90 ஜிஎல்-4 தேடினால் எங்கள் டவுனில் இல்லை. கொழும்பிலிருந்து இணையத்தில் வரவழைத்தேன். வந்தது ஒயில் இல்லை, கூரியர் பையனின் அழைப்புத்தான். "வீட்டு நம்பர் சொல்லுங்க." லயத்துக்கு ஏது வீட்டு நம்பர்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனையாவது லயம், எத்தனையாவது காம்பரா, அவ்வளவுதான் இருக்கிறது. வீதி என்ன என்று கேட்கிறார். தேயிலைக்கு நடுவில் ஓடுகிற பாதைக்கு யார் பெயர் வைத்தார்கள்? பார்சல் திரும்பிப் போய்விட்டது. இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறோம், இன்னும் எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடிதம் தோட்டத்து ஒபீஸுக்குத்தான் வரும், அங்கிருந்து எப்போது யார் கையில் கொடுத்தனுப்புவார்களோ அப்போதுதான் கிடைக்கும். என் அக்காவுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து நாலு நாள் கழித்து வந்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது, நீங்கள் கேட்டதும் அது இல்லை. இரண்டாவது தடவை நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்து முகவரியைக் கொடுத்து எடுத்தேன்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். ஒயில் ஊற்றுகிற நட்டு பக்கவாட்டில் இருக்கும், வடிக்கிற நட்டு அடியில். ஊற்றுகிற நட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது கழன்ற பிறகுதான் அடியில் கை வைக்க வேண்டும். நான் உற்சாகத்தில் அடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேலே போனால் அந்த நட்டு துருவேறி அசையவில்லை, ஸ்பானர் வழுக்கி மூலை மழுங்கியதுதான் மிச்சம். கியர்பொக்ஸில் ஒரு சொட்டு ஒயில் இல்லாத கார், கராஜுக்கும் ஓட்டிப் போக முடியாது. கடைசியில் மெக்கானிக் பாஸ் ஒருவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து கழற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம் மட்டம். ஊற்றுகிற துளையின் விளிம்புதான் ஒயிலின் அளவு, அங்கே வழியத் தொடங்கினால் போதும். ஆனால் வண்டி சமதரையில் நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் கூடவோ குறையவோ போகும். எங்கள் பக்கத்தில் சமதரைக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்து, வடிப்பதற்கு முன்னமே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஓட்டியிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை, சிமெந்துத் தரை. ஓடிச் சூடான வண்டியென்றால் பழைய ஒயில் நன்றாக வடியும். நட்டில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும், அது வழக்கம்தான். துண்டு துண்டாகப் பல் உடைந்து வந்திருந்தால்தான் கவலை. ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஒயில் மாற்றி இரண்டு நாளிலேயே காலையில் இரண்டாம் கியர் மரியாதையாக விழுந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது ஒரு சின்ன உரசல் மட்டும் இன்னும் இருக்கிறது. தேய்ந்த வளையம் திரும்ப முளைக்காது.

"நான் பத்து வருடமாக ஜிஎல்-5தான் ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நிச்சயம் ஒருவர் வருவார். ஐயா, ஆகாமல் இருக்கலாம். சில கம்பனிகளே இரண்டும் சரி என்று எழுதியிருக்கின்றன. ஹொண்டாவுக்குத் தனி ஒயில். சில மேனுவல் பெட்டிகளுக்கு ஒட்டோ கியர் ஒயிலையே ஊற்றச் சொல்கிறார்கள். பழைய மொரிஸ் மினியில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான், தனியாக ஒன்றும் இல்லை. அதனால்தான் கையேட்டைப் பாருங்கள் என்கிறேன், என்னையும் கேட்காதீர்கள். மாருதி மாதிரி முன் சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களில் டிஃபரன்ஷலும் கியர்பொக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அது ஹைப்பொயிட் அல்ல, அதற்கும் சேர்த்து ஜிஎல்-4 போதும்.

அந்த மூன்றாவது போத்தல் சீல் உடைக்காமல் இன்னும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. டிஃபரன்ஷலுக்கு 85டபிள்யூ-140 கேட்கிற பழைய லொறி ஏதாவது தலவாக்கலைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சும்மாவே தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி மட்டும் கேட்காதீர்கள், மடுவத்தில் வந்து மாருதிக்கார வாத்தியார் என்று விசாரித்தால் காட்டுவார்கள்.