கனடாவின் வடக்கில் ஊர் நீதிக் குழுக்களுக்கு யார் பணம் தருகிறார்கள்? அது வீண் செலவா?

இங்கே கேட்கப்பட்ட கேள்வி இது: "கனடாவின் வடகோடியில், சாலைத் தொடர்பே இல்லாத ஊர்களில், சிறு குற்றங்களை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஊர்ப் பெரியவர்களே பேசித் தீர்க்கும் திட்டங்கள் இருப்பதாக அறிந்தேன். அவற்றுக்கு அரசு பணம் தருகிறதா? அது வரிப்பணத்தை வீணாக்குவது ஆகாதா?"

நான் சட்டத்தரணி அல்லன், கணக்காளன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரொறன்ரோவில் படித்து, வேலை கிடைத்த இடத்துக்குப் போகவேண்டிய நிலையில் வடக்கே சென்று, சில ஆண்டுகள் ஓர் அமைப்பின் நிதிப் பிரிவில் இருந்தேன். இத்தகைய நீதிக் குழுக்கள் அனுப்பும் செலவு அறிக்கைகளையும் பற்றுச்சீட்டுகளையும் சரிபார்ப்பது என் பணிகளில் ஒன்று. ஆகவே சட்ட நுட்பங்களை விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, வந்தபின் என்ன ஆகிறது என்பதையே பெரும்பாலும் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் வடகோடியிலுள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்பவர்கள் 36,858 பேர்; பெரும்பான்மையினர் வடதுருவப் பகுதியின் பூர்வகுடியினரான இனுயிட் மக்கள். 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. நுனாவுட் உருவான 1999 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் அங்கே ஒரே அடுக்கு கொண்ட நீதிமன்றம் இயங்குகிறது. அதன் தலைமையிடம் இக்கலுவிட். மற்ற ஊர்களுக்கு நீதிமன்றம் விமானத்தில் போகிறது: நீதிபதி, எழுத்தர், அரசுத் தரப்பு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆகிய எல்லோரும் கூட்டமாக வந்திறங்கி, ஊர் மண்டபத்திலோ பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்திலோ கூடைப்பந்து வளையத்தின் கீழ் மேசை போட்டு, சில நாட்கள் வழக்குகளைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பனிப்புயல் வந்து விமானம் இறங்க முடியாமற் போனால் வழக்குகள் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். அடுத்த சுற்று என்பது பல வாரங்களாகவும் இருக்கலாம், மாதங்களாகவும் இருக்கலாம். அதுவரை அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்து, ஒரே கடையில் பால்மா வாங்கி, ஒரே தேவாலயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஊர் நீதிக் குழு இந்த இடைவெளியில்தான் இயங்குகிறது. பொலிஸார் குற்றச்சாட்டுப் பதியுமுன்னரோ, பதிந்தபின் அரசுத் தரப்பு வழக்கறிஞரோ ஒரு வழக்கைக் குழுவுக்கு அனுப்பலாம். குற்றம் செய்தவர் தாம் செய்ததை ஒப்புக்கொண்டு விருப்பத்தோடு வரவேண்டும். பாதிக்கப்பட்டவரின் எண்ணமும் கேட்கப்படும். குழுவில் மூத்தவர்கள் இருப்பார்கள். உடைத்ததைச் சரிசெய்வது, மன்னிப்புக் கேட்பது, வயதானவர் வீட்டுக்கு விறகோ இறைச்சியோ கொண்டுவந்து தருவது, ஒரு மூத்தவரோடு வேட்டை முகாமில் சில நாட்கள் தங்குவது என ஓர் உடன்பாடு எழுதப்படும். அதை நிறைவேற்றாவிட்டால் வழக்கு பழையபடி நீதிமன்றத்துக்குப் போய்விடும். இலங்கை வாசகர்கள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இணக்க சபைகளை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றல்ல என்றாலும், உள்ளூரில் மதிக்கப்படுபவர்கள் ஊதியம் பெரிதாக இல்லாமல் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள் என்ற அளவில் உறவு உண்டு.

இது திடீரென்று முளைத்ததும் அல்ல. 1992இல், வடக்கின் இன்னோர் ஆட்சிப்பகுதியான யூக்கொனின் மேயோ என்ற சிற்றூரில் நீதிபதி பரி ஸ்டூவர்ட் நீதிமன்ற இருக்கைகளையெல்லாம் வட்டமாகப் போடச் செய்து, ஊராரையும் பேசவைத்துத் தண்டனையை முடிவுசெய்தார். 1996இல் குற்றவியல் கோவையில் சேர்க்கப்பட்ட ஒரு விதி, சிறைக்கு அனுப்புமுன் நியாயமான வேறு வழிகளைப் பார்க்கவேண்டும், பூர்வகுடியினரின் சூழ்நிலையைச் சிறப்பாகக் கருதவேண்டும் என்கிறது. கிளாடு என்று எல்லோரும் சுருக்கமாகக் குறிப்பிடும் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீதிபதிகள் ஏட்டளவில் விட்டுவிடக்கூடாது என்று சொன்னது. ஆனால் வேறு வழியைப் பாருங்கள் என்று சட்டம் சொன்னாலும், அந்த வழி ஊரில் இருக்கவேண்டுமே. அதற்குக் காசு வேண்டும்.

பணம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. கனடாவின் அரசமைப்பில் குற்றவியல் சட்டம் இயற்றுவது மத்திய அரசின் அதிகாரம். நீதி நிர்வாகத்தை நடத்துவது மாகாணங்களின் பொறுப்பு. வடக்கின் மூன்று ஆட்சிப்பகுதிகளில் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல், ஏனென்றால் அங்கே குற்ற வழக்குகளைத் தொடுப்பதே மத்திய அரசின் வழக்குத்தொடுநர் அலுவலகந்தான். 1991இல் பூர்வகுடி நீதிக்கென மத்திய அரசு தொடங்கிய முயற்சி பல பெயர் மாற்றங்களுக்குப் பின் இப்போது பூர்வகுடி நீதித் திட்டம் எனப்படுகிறது. மாகாண, ஆட்சிப்பகுதி அரசுகளும் செலவில் பங்கு தருகின்றன. பல ஆண்டுகள் அது காலக்கெடு வைத்துப் புதுப்பிக்கப்படும் தற்காலிகத் திட்டமாகவே இருந்தது. 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் ஐந்து ஆண்டுகளுக்கு 5.55 கோடி டொலரும், அதன்பின் ஆண்டுதோறும் 1.11 கோடி டொலரும் என நிரந்தரமாக்கப்பட்டது. நாடு முழுவதும் இதன்கீழ் இயங்குபவை ஏறத்தாழ 200 திட்டங்கள். 1.11 கோடியை 200ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு திட்டத்துக்கு 55,500 டொலர். மற்ற அரசின் பங்கைச் சேர்த்தாலும், உணவுப்பொருட்களுக்கு ரொறன்ரோ விலையைவிட மிகக் கூடுதலாகக் கேட்கும் ஊரில், குழுவின் வேலைகளைப் பார்க்கும் ஓர் இணைப்பாளரின் சம்பளமும் ஒரு சிறு அறையும் தவிர அதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

என் மேசைக்கு வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு குழுவின் காலாண்டு அறிக்கையில் 20 லீற்றர் பெற்றோல், தேயிலை, பானொக் ரொட்டிக்கான மா, ஒரு பெட்டி துப்பாக்கித் தோட்டா ஆகியவற்றுக்குச் சீட்டுகள் இருந்தன. பெற்றோலுக்கும் தேயிலைக்கும் விதிப்பட்டியலில் இடம் இருந்தது. தோட்டாவுக்கு இல்லை. நீதித் திட்டத்தின் பணத்தில் தோட்டா வாங்கியிருக்கிறார்கள் என்று சிவப்பு மையால் வட்டமிட்டு நான் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து இணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு பையன் ஒரு முதியவரின் ஸ்கிடூ என்ற பனிவண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய்ப் பனிப்பாறையில் மோதி நாசமாக்கிவிட்டானாம்; அதை ஈடுசெய்ய அவனிடம் காசு இல்லை; முதியவருக்கோ வேட்டைக்குப் போக வண்டி இல்லை. ஆகவே பையன் தன் மாமனோடு மூன்று வார இறுதிகள் வேட்டைக்குப் போய்க் கிடைக்கும் இறைச்சியை முதியவர் வீட்டில் சேர்க்கவேண்டும் என்று குழு முடிவுசெய்திருக்கிறது. "தோட்டா இல்லாமல் சீல் இறைச்சி எப்படி வீட்டுக்கு வரும்?" என்று அவர் கேட்டார். கோபம் சிறிதும் இல்லாத குரல். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "நிகழ்ச்சிப் பொருட்கள்" என்ற தலைப்பின் கீழ் அந்தச் செலவைச் சேர்க்க முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டு, ஆறு வாரம் கழித்து ஒப்புதல் வாங்கினேன். அந்த ஆறு வாரத்தில் கடைக்கு அவர் தம் கையிலிருந்து கட்டியிருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது.

தொகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் நான் கண்டவரை, அதைவிடப் பெரிய கோளாறு பணம் வரும் விதத்தில் இருக்கிறது. நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பல குழுக்களின் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது. சென்ற ஆண்டின் இறுதி அறிக்கை வந்து, அது சரிபார்க்கப்பட்டு, புதிய ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளின் கையொப்பங்களும் விழுந்து, முதல் தவணை வங்கிக்குப் போவதற்குள் கோடை வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் இணைப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ஊர்ச் சபையிடம் பணம் இருந்தால் முன்பணமாகத் தரும். இல்லாவிட்டால் அவர் சும்மா உழைப்பார், அல்லது போய்விடுவார். ஊர்ச் சபை அலுவலகத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, சுரங்கத்திலோ நிலையான வேலையும், சில இடங்களில் அதோடு குடியிருக்க வீடும் கிடைக்கும்போது, மார்ச் 31க்குப் பின் என்ன ஆகும் என்று தெரியாத பதவியில் யார் இருப்பார்?

சிறிய ஊரில் திட்டம் என்பது அந்த ஒரு மனிதர்தான். அவர் போனபின் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. பொலிஸ் நிலையத்தில் இருப்பவர்களும் ஓரிரு ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர்கள். புதிதாக வந்தவர் இரண்டு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது வழக்கை நேரே நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். ஆண்டு முடிவில் அறிக்கையில் "பெறப்பட்ட வழக்குகள்: 3" என்று இருக்கும். அதைப் பார்க்கும் நிதிப் பிரிவு (அதாவது என்னைப் போன்றவர்கள்) பயன்பாடு குறைவு என்று குறிப்பெழுதும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு அதைவிடக் குறையும். நானே அப்படிப்பட்ட குறிப்புகளை எழுதியிருக்கிறேன்; அவை எண்ணளவில் சரியானவை.

இனி, வீண் செலவா என்ற கேள்வி. வின்னிபெக் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள ஹொலோ வாட்டர் என்ற பூர்வகுடி ஊர் 1980களில் தொடங்கிய குணமாக்கும் வட்டத் திட்டம் இதற்கு நல்ல சான்று. அது சிறு திருட்டைத் தீர்க்க வந்த திட்டம் அல்ல. தலைமுறைகளாக மறைக்கப்பட்டிருந்த பாலியல் வன்முறையை ஊரே எதிர்கொண்ட முயற்சி. 2001இல் வெளியான செலவு-பயன் ஆய்வின்படி, அதில் பங்கேற்ற 107 குற்றவாளிகளில் மீண்டும் அக்குற்றத்தைச் செய்தவர்கள் இருவர். அந்த ஊர் இருக்கும் மனிடோபா மாகாணத்தின் அரசு அத்திட்டத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு டொலருக்கும், திட்டம் இல்லாதிருந்தால் பொலிஸ், நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு 3.75 டொலர் செலவாகியிருக்கும் என்றும், மத்திய அரசின் டொலருக்குக் குறைந்தது 2.46 டொலர் செலவாகியிருக்கும் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. மத்திய சிறையில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க ஓர் இலட்சம் டொலருக்கு மேல் ஆகிறது. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருக்கும் பூர்வகுடியினர் மத்திய சிறைகளில் 30 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தெளிவாக இலாபம் இருந்தால் அரசுகள் ஏன் பணத்தைக் கொட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். செலவு ஒருவர் பையிலிருந்து போகிறது, மிச்சம் இன்னொருவர் பையில் விழுகிறது என்பதே என் விடை. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த தண்டனை என்றால் மாகாண அல்லது ஆட்சிப்பகுதிச் சிறை. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் என்றால் மத்திய சிறை, அப்படியொரு சிறை வடக்கின் மூன்று ஆட்சிப்பகுதிகளிலும் இல்லை. ஓர் ஊர்க் குழு ஒரு பையனைச் சிறைக்குப் போகாமல் காத்தால், மிச்சமாகும் பணம் சிறைத்துறையின் ஏட்டில், கண்ணுக்குத் தெரியாத வகையில், "செலவாகாத தொகை"யாக இருக்கிறது. குழுவின் ஏட்டில் தெரிவது தோட்டாப் பெட்டி மட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லாக் குற்றத்தையும் ஊரிடம் விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. முந்நூறு பேர் வாழும் ஊரில் குழுவில் உட்கார்ந்திருப்பவர் குற்றம் செய்தவரின் பெரியப்பாவாக இருக்கலாம். அவர் முன் அடிபட்ட பெண் மனம்திறந்து பேசுவாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். குடும்ப வன்முறை வழக்குகளைப் பல குழுக்கள் ஏற்பதில்லை, அது சரியான தயக்கம். ஹொலோ வாட்டரில் அந்தப் பாரத்தை ஏற்றவர்களுக்கு நீண்டகாலப் பயிற்சி இருந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கெனத் தனியான துணையும் இருந்தது. அதற்கும் பணம் வேண்டும். ஓராண்டுப் பணத்தில் அத்தகைய பயிற்சியைக் கொடுக்க முடியாது.

வழி தெரியாமல் யாரும் இல்லை. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட, செயலுக்கான 94 அழைப்புகளில் 31ஆவது, சிறைக்கு மாற்றான சமூகத் தண்டனைகளுக்குப் போதுமானதும் நிலையானதுமான நிதியை அரசுகள் தரவேண்டும் என்கிறது. அந்த வாக்கியத்தில் "போதுமான" என்ற சொல்லைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். "நிலையான" என்பதுதான் எனக்கு முக்கியம். யூக்கொனின் டெஸ்லின் டிலிங்கிட் மக்கள் இன்னொரு வழியில் போனார்கள்: ஏற்கெனவே தன்னாட்சி பெற்றிருந்த அவர்கள், 2011இல் நீதி நிர்வாகத்துக்கெனத் தனி ஒப்பந்தம் செய்து, தங்கள் சமாதான நீதிமன்றத்துக்கு வழி அமைத்துக்கொண்டார்கள். எல்லா ஊர்களாலும் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் ஐந்தாண்டு ஒப்பந்தம், ஏப்ரல் முதல் வாரத்தில் முதல் தவணை, இணைப்பாளருக்கு அரசு ஊழியருக்குச் சமமான ஊதியமும் வீடும், வழக்கு எண்ணிக்கையை மட்டும் கேட்காத அறிக்கைப் படிவம் ஆகியவற்றைக் கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தோட்டாவைப் பற்றிக் கேட்ட அந்த இணைப்பாளர் அடுத்த மார்ச்சில் ஊர்ச் சபையில் எழுதுவினைஞர் வேலைக்குப் போய்விட்டார். போகுமுன் கோப்பு அலுமாரியின் சாவியை ஓர் உறையிலிட்டு எங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். புதிய ஆளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டுக் காகிதமும் உள்ளே இருந்தது. நான் வடக்கை விட்டுப் புறப்பட்ட நாளிலும் அந்தச் சாவி என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.