குறைந்த வட்டிக்கு ஏன் கூடுதல் தவணை?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் ஐந்து ஏக்கரில் குறுவையும் சம்பாவும் செய்கிறார். நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதி மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். மாமனாரை மாதம் இருமுறை தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்கு 2,000 ரூபாய் ஆகிறது. அதனால் சிறிய கார் ஒன்று வாங்க நினைக்கிறோம். 5 லட்சம் கடன் தேவை. கார் கம்பெனியின் ஃபைனான்ஸில் எடுத்தால் 7 சதவீத வட்டி, ஐந்து வருடம், மாதத் தவணை 11,250 ரூபாய். விலையிலும் 25,000 தள்ளுபடி உண்டு என்று ஷோரூமில் சொல்கிறார்கள். எங்கள் வங்கியில் வட்டி 9.5 சதவீதம், ஆனால் தவணை 10,501 ரூபாய்தான். குறைந்த வட்டிக்கு ஏன் கூடுதல் தவணை? ஜி.எஸ்.டி. குறைப்பும் தள்ளுபடியும் இந்த மாதத்தோடு முடிந்துவிடும் என்று அவசரப்படுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால்தான் இந்த முரண் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கடிதத்தோடு இணைத்திருந்த கொட்டேஷனின் ஓரத்தில், பேனாவால் சிறியதாக ‘7% ஃப்ளாட்’ என்று எழுதியிருக்கிறது. விடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஃப்ளாட் வட்டி என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், ஐந்து வருடமும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். ஆண்டுக்கு 35,000 வீதம் 1,75,000 ரூபாய் வட்டியை அசலோடு கூட்டி அறுபதால் வகுத்தால் 11,250 வருகிறது. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும், முழு நிலத்துக்கும் குத்தகை நெல் அளந்துகொண்டிருப்பதைப் போன்றது இது. வங்கி சொல்லும் 9.5 சதவீதமோ குறையும் பாக்கியின் மீது மட்டும் கணக்கிடப்படுவது. அதே முறையில் பார்த்தால், ஷோரூமின் 7 சதவீதம் உண்மையில் ஏறத்தாழ 12.5 சதவீதம்.

ஐந்து வருடத்தில் கம்பெனி ஃபைனான்ஸுக்கு 6,75,000 ரூபாயும், வங்கிக்கு 6,30,060 ரூபாயும் கட்டுவீர்கள். வித்தியாசம் 44,940. தள்ளுபடி 25,000 போனாலும், சுமார் 20,000 ரூபாய் உங்கள் கையைவிட்டுக் கூடுதலாகப் போகும். கம்பெனி ஃபைனான்ஸ் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. குறையும் பாக்கி முறையிலேயே வங்கியைவிடக் குறைந்த வட்டி தரும் திட்டங்களும் வருவதுண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ரொக்கத் தள்ளுபடி கிடைக்காது என்பதால், வட்டியை மட்டும் பார்க்காமல் முன்பணம், தவணைகள், பிராசஸிங் கட்டணம் அனைத்தையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு என்றுதான் ஒப்பிட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், இத்தகைய கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அவசரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனது அரசின் முடிவு. அது ஷோரூம் தரும் சலுகை அன்று. மாதக் கடைசியில் முடிந்துபோவதும் அன்று.

வட்டியைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. 18,000 ரூபாய் சம்பளத்தில் 10,501 ரூபாய் தவணை போனால், பெட்ரோலுக்கும் வீட்டுக்கும் என்ன மிஞ்சும்? நெல் பணம் மாதாமாதம் வருவதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து நாற்றங்கால், நடவு என்று கைப்பணம் கரைந்துகொண்டிருக்கும் ஆனி, ஆடியிலும் தவணைத் தேதி தவறாமல் வரும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், ஈரப்பதம் கூடிய நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கும். வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அதற்குத் தனி அபராதம்.

ஆகவே, சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் மாசி வரை பொறுங்கள். அதுவரை வாடகைக் காருக்கு மாதம் 4,000 ரூபாய் என்பது தவணையில் பாதிகூட இல்லை. அறுவடைப் பணத்தில் முன்பணத்தைக் கூட்டிக் கடனை 3.5 லட்சமாகக் குறைத்தால், அதே வங்கியில் தவணை 7,351 ரூபாயாக இறங்கும். டிராக்டர் கடனில் இருப்பதுபோல அரையாண்டுத் தவணை கார் கடனுக்கும் கிடைக்குமா என்று மேலாளரிடம் கேளுங்கள். கூடவே, வட்டி மாறும் வகையா, நிலையானதா என்றும் கேளுங்கள். சொந்தத் தேவைக்காகத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் வசூலிக்கக் கூடாது. நிலையான வட்டியில் வசூலிக்கலாம். அறுவடைக்கு அறுவடை ஒரு தொகையைக் கட்டிக் கடனைச் சுருக்க நினைக்கும் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு, அரை சதவீத வட்டியைவிட இது பெரிய விஷயம்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியிலும் விலை விசாரியுங்கள். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊர் உங்களுடையது என்பதால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது.

கடைசித் தவணை கட்டியதும், கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்கிவிடுங்கள். என் அண்ணன் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஆறு வருடம் கழித்துக் காரை விற்கப் போனபோது, கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தது. அந்த ஒரு தாளுக்காகத் திருச்சிக்கு மூன்று முறை அலைந்தார். வாங்க வந்தவரும் காத்திருக்காமல் வேறு கார் பார்த்துக்கொண்டார்.