வாசகர் கேள்வி – எங்கள் பதில்: கூடிப் படிக்க எந்தப் பெரிய நாவல்?

நாங்கள் ஒன்பது பேர் ஞாயிறுதோறும் கூடிப் படிக்கிறோம். இதுவரை சிறுகதைகள்தான். இனி பெரிய நாவல் எடுக்கலாம் என்றதும் பாதிப் பேர் ‘பொன்னியின் செல்வன்’ என்கிறார்கள், மீதிப் பேர் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ என்கிறார்கள். எதை எடுப்பது?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

முதல் தடவை என்றால் கல்கி. சுலபம் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு நாவலின் முதல் அத்தியாயத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கல்கியில் ஆடிப்பெருக்கு நாள், வீராணத்து ஏரிக்கரை, குதிரைமேல் வந்தியத்தேவன். அவன் யார் யாரைச் சந்திக்கிறானோ அவர்கள் ஒவ்வொருவராக நமக்கும் அறிமுகமாகிறார்கள். டால்ஸ்டாயோ 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் விருந்து ஒன்றின் நடுவே நம்மை இறக்கிவிடுகிறார். ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே ஆளுக்கு இயற்பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் வேறு. நதாலியாவும் நடாஷாவும் ஒரே பெண்தான் என்று பிடிபடுவதற்குள் உங்களில் இரண்டு பேர் கழன்றுகொள்வார்கள். அதை அடுத்த வருடம் எடுங்கள். அப்போது எல்லோர் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பும் ஆளுக்கொரு பெயர்ப் பட்டியலும் இருக்கட்டும்.

இன்னொன்று, ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. அடுத்த இதழ் வரை வாசகரைக் காக்க வைக்க எழுதியது என்பதால் எங்கே நிறுத்தினாலும் அடுத்த ஞாயிறு வரத் தோன்றும்.

சறுக்கும் இடம் கணக்கில்தான். ‘ஐந்து பாகம், ஐந்து மாதம்’ என்று போட்டுவிடாதீர்கள். பாகவாரியாக அத்தியாயங்கள் 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. கடைசிப் பாகம் நாலாம் பாகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாளுக்கு இரண்டு அத்தியாயம், ஆறு நாளில் 12, ஞாயிறு பேச்சு என்று வைத்தால் 5, 5, 4, 4, 8 ஆக 26 வாரம். தீபாவளி, பொங்கலுக்கு இரண்டு, விட்டதைப் பிடிக்க இரண்டு சேர்த்து 30 வாரம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்து தொடங்கினால் மார்ச்சில் முடியும். வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

ஒருவர் ‘பக்கம் 210’ என்றால் இன்னொருவர் புத்தகத்தில் அங்கே வேறு காட்சி. எல்லோரும் ஒரே பதிப்பு வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

வேண்டாம். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் அவரவர் எழுத்தளவில் அச்சிடுகின்றன. பக்க எண்ணை மறந்துவிட்டு ‘இரண்டாம் பாகம், 14’ என்று பேசுங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கியிருந்தால் சுருக்கப் பதிப்பா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாய எண் மேலே சொன்னபடி இருந்தால் முழு நாவல். (எண்ணை மட்டும் பாருங்கள், தலைப்பே கதையைச் சொல்லிவிடும்.) போனில் படிப்பவர்களுக்கு தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எங்கள் குழுவில் இருவர் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கினால் படிக்க நேரமிருக்காது. அவர்களை விட்டுவிட்டுப் படிக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

கூடாது. ஆடி முடிந்து தொடங்கினால் நவம்பர், டிசம்பரில் வருவது மூன்றும் நாலும். இருப்பதிலேயே சின்னப் பாகங்கள் அவைதான். மற்றவர்கள் அத்தியாயங்களைப் பங்கிட்டு வாசித்து வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். ஏழு பேர் இருந்தால் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டுகூட வராது. பழம் பறித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். பதிவு தொடங்கியதுமே ‘மூன்றாம் பாகம், பதினேழு’ என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 18-ஐக் கேட்டுவிட்டு 17-க்குத் திரும்புவார்கள். கல்கி போட்ட முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.