பிறவிக் கட்டி என்றால் பிறந்தபோது ஏன் தெரியவில்லை?

ஐந்து வயது மகனுக்குக் கழுத்து நடுவில் கட்டி, நாக்கை நீட்டினால் மேலே ஏறுகிறது, டாக்டர் பிறவிக் கட்டி என்கிறார், பிறந்தபோது இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் வீட்டில் பழி உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். என் மகளுக்கு நாலு வயதில், சளிக்காய்ச்சல் விட்டதும் சுண்டைக்காய் அளவில் தெரிந்தது. "மாசமா இருக்கும்போது என்னத்தைத் தின்னாளோ" என்றார் மாமியார்.

நான் டாக்டர் இல்லை, தெரிந்தவர்கள் சண்டைக்கு வராமல் திருத்துங்கள். எனக்கு இதைப் புரியவைத்தவர் இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன். மருந்துச்சீட்டின் பின்பக்கம் நாக்கை வரைந்து, தொண்டைப் பக்கம் அதன் அடிவேரில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கழுத்துக்குக் கோடு இழுத்தார். தைராய்டு முதலில் நாக்கின் அடிவேரில்தான் முளைக்கிறதாம், கரு உண்டான நாலாவது வாரத்தில். அப்புறம் ஏழாவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கிவிடும். வந்த வழியாக ஒரு குழாய் இருக்கும், அது தானாக மறைய வேண்டும். சிலருக்குத் துளி மிச்சம் நின்றுவிடும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்து, நீர் கோத்தாலோ கிருமி தொற்றினாலோ வீங்கும், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். குழாய் நாக்கடியோடு ஒட்டியிருப்பதால்தான் நாக்கை நீட்டினால் கட்டியும் ஏறுகிறது. நாலாவது வாரம் என்றால் எனக்கு நாள் தள்ளிப்போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும், அப்போதே தொடங்கிவிடுகிற வேலை இது, இதில் எதைத் தின்று கெடுப்பது!

முதலில் பார்த்தவர் கட்டியை மட்டும் எடுத்தார். எட்டே மாதத்தில் அதே இடத்தில் சீழ் கட்டிக்கொண்டு திரும்ப வந்தது. அந்தக் குழாய், தாடைக்குக் கீழே கழுத்தில் இருக்கும் ஹையாய்ட் என்ற சின்ன எலும்பை ஒட்டிப் போவதால், எலும்பின் நடுத்துண்டையும் நாக்கடி வரை உள்ள பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். சிஸ்ட்ரங்க் என்ற சர்ஜன் 1920-லேயே எழுதிவைத்த முறை. இதைத்தான் செய்யப்போகிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஸ்கேனில் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அபூர்வமாகச் சிலருக்கு இருக்கும் ஒரே தைராய்டே அந்தக் கட்டிக்குள்தான் இருக்குமாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரண்டு ஆபரேஷனுக்கும் இன்சூரன்ஸில் பைசா வரவில்லை, "பிறவிக் குறைபாடு" என்று ஒரே வரியில் கடிதம். பாலிசி எடுத்தபோது அவள் கழுத்தில் ஒன்றுமே இல்லை என்று போட்டோவோடு எழுதினேன், அதற்கும் அதே வரிதான் பதில்.