கிணற்றடிக்குப் போகும் வயர்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு 2012 இல் வீட்டுத்திட்டத்தில் கட்டியது. இப்போது மகனுக்கு ஓர் அறை சேர்க்கிறோம். வயரிங் வேலைக்கு வந்தவர், விதி மாறிவிட்டதாம், முழு வீட்டு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று, போன வருடம் மோட்டார் வயரை ட்ரிப்புக்கு முன்னாலேயே எடுத்துக் கொடுத்தவரும் இவர்தான். என்ன செய்யலாம்?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அவர் சொன்னது பாதி சரி, தங்கச்சி. செய்தது முழுப் பிழை.

இங்கே வயரிங்குக்கு நாங்கள் பார்ப்பது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய விதிகளை. புதுப் பதிப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய வயரிங்கைப் பிடுங்கி எறியத் தேவையில்லை. ஆனால் புது அறையின் வேலை இன்றைய விதிப்படி இருக்க வேண்டும். அதைச் சேர்க்கும் முன் பழைய மெயின் சுவிட்ச், ட்ரிப், எர்த் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். சோதிக்காமலே 'முழுவதும் மாற்று' என்பவரிடம் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அறைக்கான பிரதேச சபை அனுமதி தனி விடயம். அத்திவாரம் வெட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். மின்மானியின் முத்திரையில் மட்டும் எவரும் கை வைக்கக் கூடாது.

இனி மோட்டார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் ட்ரிப் பார்க்கிறது. 30 மில்லி அம்பியர் அளவுக்கு எங்கோ ஒழுகினால் விழுந்துவிடும். உங்களுடையது விழுந்ததென்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கிணற்றடிக்குப் போகும் வயரில் டேப் சுற்றிய ஒரு மூட்டு, குழாயில்லாமல் மண்ணுக்குள் கிடக்கும்.

எர்த் கம்பி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். என் வளவில் நானே அறைந்த கம்பியின் மின்தடை மாரியில் 20 ஓம் காட்டியது. ஓகஸ்டில் நிலம் வெடித்துக் கிடந்தபோது 90. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 230 வோல்ட்டை 90 ஆல் பிரித்தால் இரண்டரை அம்பியர். அதற்கு 15 அம்பியர் பியூஸ் அசையாது. மோட்டார் உடம்பில் மின்சாரம் நிற்கும், நீங்கள் ஈரக்காலோடு போய் வாளியைத் தூக்குவீர்கள். அந்த இடத்தில் ஆளைக் காப்பது ட்ரிப் மட்டுமே.

ஆகவே அறையைப் பிறகு பாருங்கள். இன்றைக்கே மோட்டாரின் மெயினை நிறுத்துங்கள். கிணறு வரை 7/0.67 வயரை (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது) மூட்டில்லாமல், குழாய்க்குள், மண்வெட்டி படாத ஆழத்தில் புதிதாக இழுத்து ட்ரிப்புக்குப் பின்னால் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் விழுந்தால் பழுது பெரும்பாலும் மோட்டாருக்குள்தான். இரண்டு நாள் கப்பியில் அள்ளலாம்.

கேள்வி: பழைய 5 அம்பியர் உருண்டைப் பிளக்குகளை என்ன செய்வது?
— வாசகர், மாங்குளம்

பதில்: சதுர முனை 13 அம்பியர்தான் இப்போது நாட்டின் நியமம். புதிதாகப் போடுவதை அதில் போடுங்கள். உருண்டைப் பிளக்கைச் சதுரத் துளைக்குள் பேனையால் நெம்பிச் செருகும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பேரன் பார்த்துப் பழகுகிறான் என்று கண்ட அன்றே எல்லாவற்றையும் மாற்றினேன்.