ரத்தம் எந்த வழியில் வரும்? எலும்பு, குருத்தெலும்பு, தோல்: திசுப் பொறியியல் கேள்வி பதில்

கிண்டி, பயோமெடிக்கல் மாணவி: சார், செல், ஸ்கேஃபோல்ட் (செல் ஒட்டி வளரும் துளையுள்ள சாரம்), வளர்ச்சிக் காரணி (செல்லைத் தூண்டும் புரதம்), இந்த மூன்றும்தான் திசுப் பொறியியல் என்று வகுப்பில் படித்தோம். மூன்றையும் சரியாகச் சேர்த்தால் எலும்பு வந்துவிடுமா?

வராதும்மா. 1993-ல் ‘சயன்ஸ்’ இதழில் லாங்கரும் வகான்டியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த மூன்றும் பாடமாகவே நிலைத்துவிட்டன. நாலாவதாக ஒன்று இருக்கிறது: ரத்த ஓட்டம். உடலில் ஒரு செல் பிழைத்திருக்க வேண்டுமென்றால் 100 முதல் 200 மைக்ரானுக்குள் ஒரு தந்துகி, அதாவது மிக மெல்லிய ரத்தக்குழாய், இருக்க வேண்டும். நீங்கள் 1 செ.மீ கனசதுர ஸ்கேஃபோல்ட் செய்தால் அதன் நடுப்புள்ளி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் 5,000 மைக்ரான் உள்ளே. ஓரத்துச் செல்கள் பிழைக்கும், நடுவில் இருப்பவை சில நாளில் செத்துவிடும். பெட்ரி டிஷ்ஷில் அருமையாக இருந்தது உடலுக்குள் தோற்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேளுங்கள்: பழுதான இடத்துக்கு ரத்தம் எந்த வழியில் வரும்? எலும்புக்குள் அது வந்தே ஆகவேண்டும். குருத்தெலும்புக்கு வரவே வராது. தோலுக்கு அடியிலிருந்து வரும், ஆனால் சில நாள் ஆகும். மூன்று திசுவுக்கும் வடிவமைப்பு மாறுவது இங்கிருந்துதான்.

தரமணி, எம்.டெக் மாணவர்: 2 சதவீத கைட்டோசானை (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து ஃப்ரீஸ் ட்ரை செய்தேன், அதாவது உறைந்தபடியே வெற்றிடத்தில் உலர்த்தினேன். மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) போட்டதும் கூழாகிவிட்டது. மிஞ்சிய துண்டிலும் செல் ஒட்டவில்லை. ஏன்?

நடுநிலையாக்கும் படியை விட்டுவிட்டீர்கள் தம்பி. கைட்டோசானை 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில்தான் கரைத்திருப்பீர்கள். உலர்ந்த பிறகும் அது அசிட்டேட் உப்பாகவே இருக்கும். தண்ணீர் பட்டால் மறுபடி கரையும், கூடவே மீடியத்தின் பிஎச்சையும் இறக்கும். செல் ஒட்டாததற்கும் அதுவே காரணம்.

உலர்ந்த ஸ்கேஃபோல்டை முதலில் சுத்த எத்தனாலில் நனையுங்கள். நேரே தண்ணீரில் போட்டால் சுருங்கிக் கரைந்துவிடும். பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரம். அதன்பின் காய்ச்சி வடித்த நீரில் மாற்றி மாற்றிக் கழுவுங்கள். கழுவிய நீரைப் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள், 7 காட்டும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு மறுபடி உறையவைத்து உலர்த்துங்கள்.

துளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் படிகம் இருந்த இடம்தான் பின்னால் துளையாகிறது. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிது, துளையும் பெரிது. திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்தால் துளை மிகவும் சிறுத்துவிடும். எலும்புக்கு 100 மைக்ரான் குறைந்தபட்சம். 300-க்கு மேல் போனால் ரத்தக்குழாய் நன்றாக நுழையும். தோலுக்கான கொலாஜன் (தோலிலும் எலும்பிலும் உள்ள நார்ப்புரதம்) ஸ்கேஃபோல்டுக்கு 20 முதல் 125 மைக்ரான் போதும். அதைவிடப் பெரிதானால் செல் பற்றிக்கொள்ளும் பரப்பு குறைந்துவிடும்.

பலரும் பார்க்கத் தவறுவது ஒன்று: அச்சில் ஊற்றிய கரைசலின் மேற்பரப்பில் பாலில் ஆடை படிவதுபோல மூடிய ஒரு படலம் உண்டாகும். செல் கரைசலை அதன்மேல் விட்டால் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். அந்தப் பக்கத்தைப் புது பிளேடால் சீவி எறிந்துவிடுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் மேற்பரப்பை மட்டும் படமெடுக்காமல் குறுக்குவெட்டைப் பாருங்கள்.

அதே மாணவர்: காசிமேட்டில் இறால் ஓடு சும்மாவே கிடைக்கிறதே, நாமே கைட்டோசான் எடுக்கலாமா?

கற்றுக்கொள்ள எடுக்கலாம். அமிலத்தில் சுண்ணத்தை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கி, கடைசியில் 40-50 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் பல மணி நேரம் சூடாக்கி அசிட்டைல் தொகுதியை நீக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அசிட்டைல் நீங்கும் அளவு மாறும். எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியா நச்சும் மிச்சப் புரதமும் தங்கிவிடும். விலங்குச் சோதனைக்குப் போகிறவர்கள் மருத்துவத் தரத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது.

பெருங்குடி, ஆய்வு உதவியாளர்: மெசன்கைமல் ஸ்டெம் செல்லை (எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடிய மூலச்செல்) ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் கனிமம்) கலந்த ஸ்கேஃபோல்டில் 21 நாள் வளர்த்து அலிசரின் ரெட் சாயம் போட்டேன். அடர்சிவப்பு. எலும்பு வந்துவிட்டது என்று எழுதலாமா சார்?

எழுதாதீர்கள். அலிசரின் ரெட் கால்சியத்தைத்தான் காட்டும். நீங்கள் வைத்த ஹைட்ராக்சிஅபடைட்டே கால்சியம்தான். செல் இல்லாத ஸ்கேஃபோல்டை அதே மீடியத்தில் அதே 21 நாள் வைத்துச் சாயம் போடுங்கள். அதுவும் சிவந்தால் உங்கள் முடிவுக்கு அடிப்படை இல்லை.

அடுத்து, செல்லை எலும்பாக மாறத் தூண்டும் மீடியத்தைப் பாருங்கள். வழக்கமான கலவை: டெக்சாமெதசோன் 10 முதல் 100 நானோமோலார், அஸ்கார்பிக் அமிலம் மி.லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார். இந்தக் கடைசிப் பொருள் கூடிவிட்டால், செல் எதுவும் செய்யாமலேயே கால்சியம் பாஸ்பேட் தானாகப் படியும். அதோடு அஸ்கார்பிக் அமிலம் 37 டிகிரியில் சீக்கிரம் சிதைந்துவிடும். மீடியம் மாற்றும்போதெல்லாம் புதிதாகச் சேருங்கள், அல்லது நிலையான பாஸ்பேட் வடிவத்தை வாங்குங்கள்.

ஆதாரமாக எதைக் காட்டலாம்? 7 முதல் 14 நாளுக்குள் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி ஏறி இறங்கியதைக் காட்டுங்கள். எலும்புச் செல்லுக்கு அடையாளமான ரன்எக்ஸ்2, ஆஸ்டியோகால்சின் மரபணுக்கள் இயங்குவதைக் காட்டுங்கள். எலும்பில் உள்ள கொலாஜன் வகை ஒன்று படிந்திருப்பதையும் சேருங்கள். இவற்றோடு அலிசரினும் இருந்தால் நம்பலாம்.

வேளச்சேரி வாசகர்: கொலாஜன் ஜெல் சில நாள் உறைகிறது, சில நாள் தண்ணீராகவே நிற்கிறது. ஒரே பாட்டில்தான்.

பாட்டிலில் குறையில்லை, வேலை செய்கிற வேகத்திலும் குளிர்ச்சியிலும்தான் இருக்கிறது. கொலாஜன், 10 மடங்கு அடர்த்தியான மீடியம், சோடியம் ஹைட்ராக்சைடு, பிப்பெட் முனை, குழாய் எல்லாமே ஐஸில் குளிர்ந்திருக்க வேண்டும். ஏசி சரியாக ஓடாத சென்னை மே மாதத்தில் மேசைமேல் வைத்துக் கலந்தால் குழாய்க்குள்ளேயே கட்டி கட்டியாகும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை வராமல் கலக்குங்கள். மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் சாயம் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள், அது பிஎச் 7.2 முதல் 7.4. மஞ்சளாக விட்டால் உறையாது. ஊதா கலந்த சிவப்பானால் செல் சாகும். செல்லைக் கடைசியில் சேர்த்து உடனே ஊற்றி, 37 டிகிரியில் முக்கால் மணி நேரம் தட்டை அசைக்காமல் விடுங்கள்.

இந்தப் புரதத்தின் மூவிழை அமைப்பை 1954-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தது நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து. கிண்டியில் இதைப் படிக்கிற பிள்ளைகள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

போரூர், பல் மருத்துவ மாணவி: பிஎம்பி-2 என்னும் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் எலும்பு வேகமாக வளருமே?

வளரும். எங்கே வளரும் என்பதுதான் பிரச்சினை. கொலாஜன் பஞ்சிலிருந்து அது வேகமாகக் கசிந்தால், வேண்டாத இடத்திலும் எலும்பு படியும், வீக்கமும் வரும். கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது மூச்சுக்குழலை அழுத்தும் அளவுக்கு வீக்கம் வந்ததால் 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. அளவைக் கூட்டாதீர்கள், மெல்ல வெளிவிடும் தாங்கியைத் தேடுங்கள்.

தாம்பரம் வாசகர்: மாமனாருக்கு 64 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு புதிதாக வளரும் என்கிறார்கள். பெரிய தொகை கேட்கிறார்கள்.

ஐயா, அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. செல்களும் மிகக் குறைவு. அதனால்தான் தானாக ஆறுவதில்லை. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்லை வளர்த்துத் திருப்பி வைக்கும் சிகிச்சையை 1994-ல் ஸ்வீடனில் பிரிட்பெர்க் குழு வெளியிட்டது. அது அடிபட்டு ஒரு குழி மட்டும் விழுந்த, சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருக்கிற, வயது குறைந்த முழங்காலுக்கு. மூட்டு முழுதும் தேய்ந்த இடத்தில் புதுத் திசு நிற்க ஓரமே இருக்காது.

செல் வளர்ப்பதிலும் சிக்கல் உண்டு. தட்டையான டிஷ்ஷில் பெருக்கினால் குருத்தெலும்புச் செல் தன் குணத்தை இழந்து, குருத்தெலும்புக்கு உரிய கொலாஜன் வகை இரண்டுக்குப் பதில் வகை ஒன்றைச் சுரக்கும். ஆய்வகத்தில் மீட்க, இரண்டரை லட்சம் செல்லைக் கூம்புக் குழாயில் 500 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி உருண்டையாக்கி, மி.லிட்டருக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப் பீட்டா-3 என்னும் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து, சீரம் இல்லாமல் 3 வாரம் வைக்கிறோம். மூடியைச் சற்றுத் தளர்த்தாவிட்டால் காற்றில்லாமல் உருண்டை வீணாகும். ஸ்டெம் செல்லில் செய்த உருண்டையாக இருந்தால் கொலாஜன் வகை பத்தும் தலைகாட்டும். அது பின்னால் சுண்ணமாக மாறப்போவதற்கு அறிகுறி. வெறும் ஊசியில் இத்தனையும் மூட்டுக்குள் தானாக நடந்துவிடும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி எண் என்ன? பரிசோதனை என்றால் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின், பதிவு எண் என்ன? பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. எண் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் மூட்டு மாற்று: இதை ஒரு எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள்.

பெரம்பூர் வாசகி: தம்பிக்கு உடலில் பாதி தீக்காயம். அவன் தோலையே ஆய்வகத்தில் வளர்த்து ஒட்டமுடியுமா அண்ணா?

முடியும்மா, ஆனால் அது முதல் வழி இல்லை. 1975-ல் ரெயின்வால்டும் கிரீனும் தோல் மேல்செல்லை வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். சில சதுர செ.மீ தோலிலிருந்து உடலை மூடும் அளவு விரிப்பு 3-4 வாரத்தில் கிடைக்கும். அந்த 3-4 வாரம் காயம் திறந்திருக்க முடியாது, கிருமி புகுந்துவிடும். வளர்த்த விரிப்பு சில செல் கனம்தான். அடித்தோல் இல்லாத இடத்தில் ஒட்டினால் கொப்புளம் போட்டு உரியும். யன்னாஸும் பர்க்கும் உருவாக்கிய கொலாஜன் அடித்தோல் மாற்று இந்தக் குறைக்குத்தான்: அதை வைத்து 2-3 வாரம் ரத்தக்குழாய் ஏறவிட்டு, மேலே இருக்கும் சிலிக்கோன் படலத்தை எடுத்துவிட்டு மெல்லிய தோல் ஒட்டுவார்கள்.

பாதி உடல் என்றால் எரியாத தோல் இன்னும் இருக்கிறது. அதை மெல்லியதாக எடுத்து வலைபோல் விரித்து ஒட்டுவதைத்தான் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற தீக்காயப் பிரிவுகளில் முதலில் யோசிப்பார்கள். ஒட்டிய தோல் முதல் 2 நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கும், பிறகுதான் ரத்தக்குழாய் இணையும். முதல் ஒரு வாரம் அடியில் ரத்தமோ நீரோ கட்டக்கூடாது, தோல் நகரக்கூடாது. அதனால் கட்டை நீங்களாக அவிழ்த்துப் பார்க்காதீர்கள்; அந்தப் பக்கம் படுத்துப் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டு பச்சை நிறத்தில் நனைந்தாலோ, நாற்றமோ புதுக் காய்ச்சலோ வந்தாலோ ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.